நூதனசாலையில் ஜுனைடின் வீடு

நிந்தவூர் ஜுனைட் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதி வீடுகளுக்கு ஆணியும் சீமெந்தும் அவர் கொடுத்ததுதான். அவர் பெயரில் மட்டும் ஒரு வீடு இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுக்கு. ஆண்பிள்ளை அதைக் கட்டலாம், பூசலாம், குடியிருக்கலாம், அவ்வளவுதான். அவர் பிறந்த மரவீடு தங்கை றாபியாவுக்குச் சீதனமாகப் போனது. மாப்பிள்ளையாகப் புகுந்த வீடு மூத்த மகளுக்குப் போனது. அடுத்ததாகக் கட்டிய வீடு இளையவள் நஸ்லியாவுக்கு. அவளுக்கு வருகிற மாதம் கலியாணம்; அதோடு ஜுனைடும் மனைவி ஸாலிஹாவும் அந்த வீட்டுக்குப் பின்னால் வளவில் இருக்கிற அறைக்குக் குடிபோக வேண்டும்.

இதற்கிடையில் றாபியா மாடிவீடு கட்ட ஆசைப்பட்டு மரவீட்டைக் கழற்றப் போனாள். பழைய மரவீடுகளைத் திரட்டி வயல் பக்கமாகச் சனம் வந்து பார்க்கவென்று திறந்தவெளி நூதனசாலை அமைத்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். லொறி பிடித்ததும், ஒரு தூண்கூடக் கீறல்படாமல் கொண்டுபோய் இறக்கியதும் ஜுனைட்தான். "உதவியவர் விபரம் பலகையில் வரும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மனிதர் அந்தச் சொல்லில் அப்படியே விழுந்துவிட்டார். ஒரு வீட்டில் தன் பெயர்! வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

நூதனசாலை திறந்த வாரமே வெள்ளைச் சாரம் உடுத்து, அயன்பண்ணி மினுக்கிய சேர்ட்டும் போட்டு, ஸாலிஹாவையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் செருப்பைக் கழற்றினார், செருமினார், அப்படியே நின்றார். மாப்பிள்ளையாகப் போன வீட்டில் பழகியது அது: செருமாமல் உள்ளே போகக்கூடாது. யாராவது "வாங்க" என்று சொல்லவும் வேண்டும்.

"என்னங்க, உங்கட உம்மாட ஊடு இது. ஆருக்குச் செருமுறீங்க?" என்றாள் ஸாலிஹா.

வெட்கத்தோடு உள்ளே நுழைந்து, நேரே பலகையிடம் போனார்.

‘றாபியாவின் சீதன வீடு, நிந்தவூர்.’ அதன் கீழே, சின்ன எழுத்தில்: ‘கொண்டுவர உதவியவர்: றாபியாவின் காக்கா.’

காக்கா என்றால் அண்ணன், அவர்தான்; பெயரைத்தான் காணவில்லை.

"றாபியாட காக்கா ஆரெண்டு ஊருக்கே தெரியுந்தானே" என்று ஸாலிஹா தேற்றினாள்.

"ஊருக்குத் தெரியும். பலகைக்குத் தெரியல்லயே."

சுவரோரம் கிடந்த நீண்ட மர வாங்கில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சின்ன வயதில் அவர் படுத்து உறங்கிய வாங்கு அது. கடைசியில் அங்கே வேலை செய்யும் யதுசா சாவிக்கொத்தோடு வந்தாள்.

"ஐயா, பூட்டப் போறம். வீட்ட விட்டு வெளிய வரணும்."

ஜுனைட் எழுந்து சாரத்தைத் தட்டிவிட்டார்.

"ஓம் மகள், இந்தா வாறன். ஊட்ட உட்டு எழும்புறது எனக்கென்ன புதிசா?"