ஒன்பதாம் பக்கத்து அம்மா

எங்கள் அச்சகத்தில் அவரை எல்லோரும் புள்ளி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ப்ரூஃப் பார்ப்பவர். மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால் போதும், அவர் கண்ணில் பட்டுவிடும். நான் எதிர் மேசையில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவள். பதினாறு வருஷமாக அவரிடம் திட்டு வாங்கி எனக்குத் தோல் தடித்துவிட்டது. "ஏம்மா, உன் கீபோர்டுல புள்ளி தேஞ்சு போச்சா?" என்பார். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். "நான் சரியா அடிச்சா உங்களுக்கு இங்க என்னக்கா வேலை?" என்பேன்.

வரிக்குக் கீழே இரும்பு ஸ்கேலை வைத்து, உதடு அசைய, எழுத்தெழுத்தாகப் படிப்பார். மருந்துப் பெட்டி, பாடப்புத்தகம், பேருந்து அட்டவணை எல்லாமே அவருக்கு ஒன்றுதான். சிவப்புப் பேனாவால் மூலையில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கு மேல் அந்தத் தாளை யாரும் கேள்வி கேட்க மாட்டோம். போன வருஷம் வரை அவர் கையெழுத்தைத் தாண்டி ஒரு பிழைகூட வெளியே போனதில்லை. அதில் அவருக்குத் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்தானே.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் அவரும் அவர் அம்மாவும் மட்டும். தினமும் காலை பதினோரு மணிக்கு அந்த அம்மா போன் செய்வார். "என்னம்மா?" என்று அக்கா கேட்பார். "ஒண்ணுமில்லடி, சும்மாதான் கூப்பிட்டேன்" என்ற குரல் என் மேசை வரை கேட்கும். அரை நிமிஷம்கூடப் பேச மாட்டார்கள்.

போன வருஷம் ஒரு பாடகியின் புது ஆல்பத்துக்குப் பாட்டுப் புத்தகம் அச்சடிக்க வந்தது. அன்று மதியமே மெஷினில் ஏற்ற வேண்டும். அக்காவின் அம்மா அப்போது மூச்சுத்திணறலால் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் அக்கா வேலைக்கு வந்திருந்தார். பதினோரு மணிக்கு வழக்கம்போல் போன் அடித்தது. "கையில வேலையா இருக்கேன்மா, அப்புறம் பேசட்டுமா?" என்றார். "சரி சரி, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றது அந்தக் குரல். அக்கா போனை வைத்துவிட்டு ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மூன்று மாதம் கழித்து, காலேஜில் படிக்கும் என் மகள் ஒரு நாள் போனும் கையுமாக என்னிடம் ஓடி வந்தாள். "அம்மா, ஒன்பதாம் பக்கம் நீதானே அடிச்ச? ரகசியத்தச் சொல்லு!"

விஷயம் இதுதான். பாடகி "பக்கத்தில் சும்மா இருந்தால் போதும்" என்று பாடுகிறார். புத்தகத்திலோ "பக்கத்தில் அம்மா இருந்தால் போதும்" என்று இருக்கிறது. ரசிகர்கள் விடுவார்களா? வாய் சொல்வது ஒன்று, மனசு சொல்வது ஒன்று என்றார்கள். ஆறாம் பக்கப் படத்தில் இருக்கும் காலி நாற்காலி அம்மாவுடையதாம். காணாமல் போன 'சு' கடைசிப் பாட்டின் முதல் எழுத்தில் ஒளிந்திருக்கிறதாம். ஒருத்தன் அட்டைப்படத்தை பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, கண்ணாடியில் ஒரு முகம் தெரிகிறது என்று வட்டமே போட்டுவிட்டான். அட கஷ்டமே, அது எங்கள் மெஷின் விட்ட மைக்கறை! நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் பழைய ப்ரூஃபை எடுத்துப் பார்த்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. நான் "சும்மா" என்று சரியாகத்தான் அடித்திருந்தேன். அதன் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் அக்காவின் முத்து முத்தான எழுத்தில் "அம்மா". அக்கா திருத்தினால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருக்கிறேன். தாளை ஃபைலின் அடியில் செருகினேன். இது அவர் கண்ணில் படவே கூடாது என்று நினைத்தேன். அம்மாவின் சாவுக்கே நேரத்தில் போய்ச் சேராத மனுஷி, இதையும் எப்படித் தாங்குவார்?

அந்த வாரமே முதலாளி கத்திக்கொண்டு வந்தார். பாடகியின் ஆபீஸிலிருந்து கேட்டுவிட்டார்களாம். "யார் வேலை இது?"

"என் கை தவறிடுச்சு சார்" என்றேன்.

அக்கா தலையை நிமிர்த்தினார். "நீ தப்பா அடிச்சிருந்தா என் கண்ணுல பட்டிருக்கணுமே. அந்த ப்ரூஃப எடு."

"விடுங்கக்கா."

"எடுன்னா எடு."

எடுத்துக் கொடுத்தேன். ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் அதை நகர்த்தவே இல்லை. பிறகு, "இது என் எழுத்து சார். தப்பு என்னோடது. இவ எனக்காகப் பொய் சொல்றா" என்றார். அன்றைக்கு நடந்த எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். முதலாளி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் அதைப் பாடகியின் காதுவரை கொண்டுபோயிருக்கிறார். இரண்டு நாளில் பதில் வந்தது. இரண்டாம் பதிப்பு போடப் போகிறார்கள். ஒன்பதாம் பக்கத்தில் எந்தச் சொல் இருக்க வேண்டும் என்பதை ப்ரூஃப் பார்ப்பவரே முடிவு செய்யட்டும் என்றாராம்.

"அம்மாவே இருக்கட்டும்க்கா. ஊரே கொண்டாடுது" என்றேன். முதலாளியும் அதையே சொன்னார்.

அக்கா புது ப்ரூஃபை முன்னால் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். "எங்கம்மா எங்கிட்ட கடைசியா சொன்ன வார்த்தைடி அது. அதப் போய் நானே என் கையால கோடு போட்டு அடிச்சிருக்கேன்" என்றார். "அம்மா" மேல் கோடு இழுத்தார். பக்கத்தில் "சும்மா" என்று எழுதி, ம் மேல் புள்ளியை அழுத்தி வைத்தார். மூலையில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

இரண்டாம் பதிப்பு வந்த அன்றே என் மகளின் கூட்டம் மறுபடி கிளம்பிவிட்டது. ஒன்பதாம் பக்கத்து அம்மா எங்கே போனாள் என்று பக்கம் பக்கமாகத் தேடினார்கள். கடைசிப் பக்கத்து ஜன்னல் வழியாகப் போய்விட்டாள் என்றான் ஒருத்தன். அடுத்த ஆல்பத்தில் வருவாள் என்றாள் இன்னொருத்தி. மறுநாள் காலை இதை அக்காவிடம் சொன்னேன். அவர் அம்மா போன பிறகு அன்றுதான் சிரித்தார். "அடுத்த ஆல்பத்துலயா? நல்ல பசங்கடி" என்று சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று. ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் எழுந்து ஓடினேன். "என்னக்கா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லடி" என்றார். "சும்மாதான்."