தூதர் ஊரில் நின்ற கிழமை

அந்த நாட்டின் பெயரை எழுத எனக்கு இன்றும் மனமில்லை. வடக்கே பனிக்குள் கிடக்கிற, ராஜா ஒருவர் இருக்கிற சின்ன நாடு. அரசாங்கத்துக்கும் புலிகள் இயக்கத்துக்கும் நடுவில் நின்று சமாதானம் பேச வந்தவர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் அவர்களை நம்பிய அளவுக்குக் கோயிலைக்கூட நம்பவில்லை.

அந்த நம்பிக்கை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். கொழும்பில் தமிழர் குடியிருக்கிற வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வைத்த படிவம், அதில் பொலிஸ் முத்திரை. போர்நிறுத்தம் வந்ததும் அதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் விட்டுவிட்டோம். பிறகு குண்டுகள் திரும்ப வெடிக்கத் தொடங்கின. எங்கள் ஒழுங்கையில் இருந்த எல்லோரும் மறுபடி போய் வரிசையில் நின்றார்கள். நாங்கள் போகவில்லை.

"அடுத்த கிழமை தூதர் வாறாராம். அவர் இஞ்ச நிக்கேக்க இவங்கள் ஒண்டும் செய்யமாட்டாங்கள்" என்பார் என் கணவர். தொலைக்காட்சிச் செய்தியில் அந்த மனிதர் விமானத்தால் இறங்குவதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் எல்லாம் நடந்தது. அவர் நிற்கிற நாட்களில் கொட்டாஞ்சேனைக்குப் போய் உறவினரைப் பார்ப்போம். கொள்ளுப்பிட்டியில் அலுவல்களை முடிப்போம். அவர் போய்விட்டால் கடைக்குக்கூட இரண்டு பேராகப் போவோம். நான் ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியை. பத்திரிகை வாசிக்கிறவள். எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும்.

அவர் வந்திறங்கிய இரண்டாம் நாள் எங்கள் ஒரே மகனைத் தெஹிவளையில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பத்தொன்பது வயது, கணக்கியல் வகுப்புக்குப் போனவன். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. பொலிஸ் பதிவு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவனோடு படிக்கிற பிள்ளை ஒருத்தி தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னாள்.

நாங்கள் எங்கே ஓடினோம் என்று நினைக்கிறீர்கள்? பொலிஸ் நிலையத்துக்கு அல்ல. சமாதானம் பேசுகிறவர்களின் அலுவலகத்துக்கு. தூதர் ஊரில் நிற்கிறார், ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று கணவர் சொன்னார். நானும் நம்பினேன்.

காத்திருக்க வைத்து, தண்ணீர் தந்து, ஒரு இளம் வெள்ளைக்கார அதிகாரி வந்து எங்கள் முன்னால் அமர்ந்தார். நல்ல மரியாதை. யாருக்கு எதிராக முறைப்பாடு என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒருத்தருக்கும் எதிராக இல்லை. என் பிள்ளையை விடச் சொல்லுங்கள்."

"நாங்கள் ஒரு பக்கம் சாய முடியாது, மிஸஸ். இரண்டு தரப்புடனும் பேசுவதுதான் எங்கள் முறை."

"பிடித்தது பொலிஸ். இயக்கத்திடம் எதைப் பேசப் போகிறீர்கள்?"

அவர் கீழே பார்த்தார். "உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது" என்றார். உண்மையாகவே விளங்கியது, அது முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விளங்கிக்கொண்டும் அவர் முறைப்பாடு எழுதப் பேனாவைத்தான் எடுத்தார்.

வெளியே வந்ததும் கணவர், "நல்ல மனுசன்" என்றார்.

"ஓம், நல்ல மனுசன். அந்த நல்லதைக் கொண்டுபோய்க் கறி வையுங்கோ" என்றேன்.

மூன்று மணித்தியாலம் அங்கே போயிருந்தது. அந்த மூன்று மணித்தியாலத்தில் அவனுக்கு என்ன செய்தார்கள் என்று நான் இன்றும் அவனிடம் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரி கீழ்மாடியில் இருந்தார். சிங்களப் பெண், கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் இராணுவத்தில். தூதர் தொலைக்காட்சியில் வந்தால் "வெள்ளைப் புலி! உன் ஊருக்குப் போ!" என்று கத்துகிற சத்தம் எங்கள் குசினிவரை கேட்கும். அவரிடம் எதையும் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். படியில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டார். சொன்னேன்.

"அந்த வெள்ளையன்களிடமா போனீர்கள்? மோட சனம்!" என்று, முட்டாள்கள் என்று, சிங்களத்தில் ஏசினார். ஹவுஸ்கோட்டோடேயே என்னையும் இழுத்துக்கொண்டு திரீவீலரில் ஏறினார்.

பொலிஸ் நிலையத்தில் அந்த மனுசி மேசையைத் தட்டினார். "பெடியன் என் வீட்டில் இருக்கிறவன். பதியாதது என் பிழை, என் பெயரை எழுது. என் மகனும் உன்னைப்போல யூனிபோர்ம் போட்டவன்தான். அவனுடைய இலக்கத்தையும் எழுது." அன்றைக்கு விடவில்லை. அடுத்த நாள் காலையில் அவரே என்னைத் தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், மத்தியானம்வரை அங்கத்தை வாங்கில் உட்கார்ந்திருந்து, அவனை வெளியே எடுத்தார்.

திரும்பி வரும்போது அவனுக்கு முன்னாலேயே என்னிடம் சொன்னார்: "உங்கள் ஆட்கள் என் மகனைக் கொன்றால் நீ என் வீட்டில் இருக்க முடியாது, துவ. இப்போதே சொல்லி வைக்கிறேன்."

மகள் என்று கூப்பிட்டுக்கொண்டே அதைச் சொன்னார். நான் தலையாட்டினேன். கோபம் வந்தது, அவரில் அல்ல. அவர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். பக்கம் இருந்தபடியால்தான் அவரால் கதவைத் திறக்க முடிந்தது.

மகன் சப்பாத்தைக் கழற்றாமல் படுத்துவிட்டான். இடது கன்னம் வீங்கியிருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். முன் அறையில் கணவர் தொலைபேசியை எடுக்கிற சத்தம் கேட்டது.

"ஆருக்கு எடுக்கிறியள்?"

"அந்த ஒபீசுக்கு. பிள்ளை வந்திட்டான் எண்டு சொல்லி ஒரு நன்றி சொல்ல வேணுமெல்லே."

"நன்றியோ? என்னத்துக்கு?" நான் கத்தியதில் மகன் திடுக்கிட்டு எழும்பினான். இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை.

அவர் ரிசீவரைக் கையில் பிடித்தபடி மெல்லமாகச் சொன்னார்: "இஞ்சேரும், திங்கட்கிழமை இவன் திரும்ப வகுப்புக்குப் போகவேணும். நாளைக்கு இன்னொருக்காப் பிடிச்சால் ஆரிட்டப் போறது? கீழ்வீட்டு மனுசியின்ர மகனுக்கு ஏதும் நடந்தால்?"

தொலைபேசியைப் பறிக்கத்தான் எழும்பினேன், பறிக்கவில்லை. அவர் எண்களை அழுத்தினார். மறுமுனையில் அந்த இளம் அதிகாரி எடுத்திருக்க வேண்டும். என் கணவர் கதிரையில் நிமிர்ந்து இருந்து, மிகத் திருத்தமான ஆங்கிலத்தில், அவர்களுடைய அக்கறைக்கு நன்றி என்று சொன்னார். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.