கிணற்றுக்குள் இறங்கிய களி

காரிமங்கலம் சந்தைக்குப் போகிற வழியில் பாய் ஒருவர் தையல் கடை வைத்திருந்தார். கிணறு வெட்டுகிறவனுக்கு டவுசர் உட்காருகிற இடத்தில்தான் முதலில் கிழியும். பாறையில் சறுக்கிச் சறுக்கி இறங்குகிறோம் அல்லவா. பாய் அந்த இடத்தில் இரட்டைத் துணி வைத்துத் தைப்பார். அதற்காகவே நல்லம்பள்ளியிலிருந்து பஸ் ஏறி வருகிற ஆட்கள் உண்டு. டவுசர் கதை பேசினால் பொழுது போய்விடும். சொல்ல வந்தது பாய் படித்த புத்தகத்தைப் பற்றி.

எண்பதுகளின் தொடக்கம். ரஷ்யாவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்களை வேனில் கொண்டுவந்து மலிவாக விற்பார்கள். சந்தை நாளில் பாய் மிஷினை நிறுத்திவிட்டு, காத்திருக்கிறவர்களுக்கு அதை உரக்கப் படிப்பார். எனக்கு எழுத்து தெரியாது. காது நன்றாகக் கேட்கும்.

ஒரு சந்தை நாளில் படித்தது ரஷ்ய ராஜா முடியிழந்த கதை. ரொட்டிக்கு வரிசையில் நின்ற பெண்கள், பனியில் நின்று நின்று வெறுத்துப்போய்த் தெருவில் இறங்கினார்கள். மில் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். சுடச் சொல்லி உத்தரவு வந்தது. கடைசியில் பட்டாளத்துக்காரர்களே துப்பாக்கியோடு அவர்கள் பக்கம் வந்துவிட்டார்கள்.

"ஏன் பாய், அத்தன பேத்துக்குமா காய்ச்சலு?" என்று கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் ரொட்டி காய்ச்சல்காரன் தின்பது. பாலில் நனைத்து ஊட்டுவார்கள். நல்ல உடம்போடு இருக்கிறவன் அதை எதற்குக் கேட்கப் போகிறான்? கடையே சிரித்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை.

"அங்க ரொட்டிதான்யா களி. களி இல்லாத வூடு எப்படி இருக்கும், நெனச்சுப் பாரு" என்றார்.

நினைத்துப் பார்த்தேன். நினைப்பு நேராக நாங்கள் அப்போது வெட்டிக்கொண்டிருந்த கிணற்றில் போய் நின்றது.

அங்கே மத்தியானக் களி எங்களுக்குக் கூடையில் இறங்கும். மண் ஏற்றுகிற அதே கூடை. கழுவி, உள்ளே இலை போட்டு, களியை வைத்துக் கயிற்றில் விடுவார்கள். வெடிமருந்துப் புகை நாறும், காலடியில் ஊற்றுத் தண்ணீர் நிற்கும். நின்றபடியே தின்போம். மேலே வந்து போனால் வேலை கெடும் என்பார் தோட்டத்துக்காரர். மேலே புளியமரத்து நிழலில் அவருடைய ஆட்கள் உட்கார்ந்து தின்பார்கள். நாங்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பனும் கிணற்றுக்குள் நின்றே தின்றவன்.

மறுநாள் கூடை இறங்கியது. நான் களியைத் தொடவில்லை. கயிற்றை ஆட்டினேன். மேலே மண் சுமக்கிற பெண்களோடு நின்ற என் கொழுந்தியா எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா, காய்ச்சலா? ரொட்டி வாங்கியாரட்டா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. களிக்கு நெழல்ல ஒக்காரணுமாம். மேல இழு."

இழுத்தாள். பிறகு தன் மண்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள். நாங்கள் கயிறு பிடித்து ஏறிப் புளியமரத்தடிக்குப் போனோம்.

தோட்டத்துக்காரர் ஓடி வந்தார். "எவன்டா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"வெயில்தானுங்க" என்றாள் கொழுந்தியா.

அது போலீஸ் ஊர் ஊராகத் தீவிரவாதி தேடிய காலம். சிவப்பு அட்டை போட்ட புத்தகம் கண்ணில் பட்டால் போதும். தோட்டத்துக்காரர் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னார். பாயையும் புத்தகத்தையும் தூக்கிப் போய்விட்டார்கள். எங்கள் தெரு ஆட்கள் என்னை ஓசூர்ப் பக்கம் ஓடிவிடச் சொன்னார்கள். நான் ஓடினால் கூடையைத் திருப்பியது பாய் என்று ஆகிவிடும். அவர் வெளியே வரவே மாட்டார். நானே ஸ்டேஷனுக்குப் போனேன்.

"பாய் என்னடா படிச்சுக் காட்டுனான்?" என்றார் அதிகாரி.

"பசிச்ச பொம்பளைங்க கதைங்க. ராஜா போயிட்டானுங்க."

"அதக் கேட்டுத்தான கூடையத் திருப்புனீங்க?"

"திருப்புனது நானுங்க. பாய் கெணத்துல எறங்குனவரே இல்லீங்க. எழுதுறதா இருந்தா எம்பேர எழுதுங்க."

கன்னத்தில் ஒன்று விழுந்தது. "பயமில்லையாடா ஒனக்கு?"

"இருக்குதுங்க. வேட்டு வைக்கிறப்பவுந்தான் இருக்குது."

திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நானும் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பொழுது சாய பாயை விட்டார்கள், என்னையும் விட்டார்கள். புத்தகம் மட்டும் திரும்பி வரவில்லை.

அந்தக் கிணற்றில் நாங்கள் மறுபடி இறங்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு கூட்டம் பாதியில் விட்ட கிணற்றில், அவர்கள் சம்மதம் இல்லாமல் வேறு கூட்டம் கடப்பாரை வைக்காது. தோட்டத்துக்காரர் மாரண்டஹள்ளி வரைக்கும் ஆள் தேடினார். விஷயம் கேட்டுவிட்டு ஒருவரும் வரவில்லை. கிணறு பாறையில் வேட்டுக்குத் துளை போட்டபடியே கிடக்கிறது, அந்தப் பக்கம் தண்ணீரில்லாமல் தக்காளி காய்கிறது. கடைசியில் எங்களையே வரச் சொல்லி அனுப்பினார். அன்று மத்தியானம் புளியமரத்தடியில் உட்கார்ந்து தின்றோம். அவர் பம்பு செட்டைப் பார்த்தபடி நின்றார்.

பல வருஷம் கழித்து, ரஷ்யா உடைந்துபோனது என்று ரேடியோவில் சொன்ன சமயம், காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் தோட்டத்துக்காரரைப் பார்த்தேன். கூப்பிட்டுச் சிரித்தார்.

"என்னப்பா, ஒங்க ரஷ்யாவே போயிடுச்சாமே?"

"போயிடுச்சுங்களா" என்றேன். "அப்ப கூடையில களி எறங்குதுங்களா மறுபடியும்?"

அவர் கிருஷ்ணகிரி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். எனக்கும் அதே பஸ்தான்.