வாய்க்கால் வெட்டிய கோடை

என் கணவர் ஓய்வு பெற்ற மறுநாள் காலை என் சமையலறைக்குள் வந்து நின்றார். ஒஸ்லோவில் நாங்கள் குடியிருந்த இருபது வருடங்களில் அவர் அந்தப் பக்கம் வந்தது தண்ணீர் குடிக்கவும் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கவும்தான். அன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி நாலு பக்கமும் பார்த்தார்.

"இந்த மல்லித்தூள் பேணி ஏன் இஞ்சை இருக்கு?" என்றார்.

"ஏன், அதுக்கு வேறை இடம் பாத்து வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டேன்.

பார்த்துத்தான் வைத்திருந்தார். மத்தியானத்துக்குள் எல்லாப் பேணிகளும் இடம் மாறிவிட்டன. ஒவ்வொன்றிலும் அவருடைய கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. உப்புப் போத்தலிலும் உப்பு என்று எழுதி ஒட்டியிருந்தார். முப்பத்தாறு வருடம் சமைத்துப் போட்டவளுக்கு உப்பு எது என்று தெரியாது பாருங்கள்.

நான் அவருக்கு ஒரு வருடம் முந்தியே ஓய்வு பெற்றுவிட்டேன். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பெரிய பெரிய சட்டிகளைத் தூக்கித் தூக்கி முழங்கால் இரண்டும் போய்விட்டன. அவர் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். அவர் வேலைக்குப் போக, நான் மட்டும் வீட்டில் இருந்த அந்த ஒரு வருடம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல வருடம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ட்வெய்ட்டாவில் ஐந்தாம் மாடியில், ஜன்னலைத் திறந்துவிட்டு, வானொலியைப் போட்டுவிட்டு, நினைத்த நேரத்தில் நினைத்ததைச் சமைத்தேன். அவர் ஓய்வு பெற்றதும் எல்லாம் முடிந்தது. அரிசிக்கு எத்தனை கோப்பை தண்ணீர் என்று எனக்குப் படிப்பித்தார். கறி கொதிக்கும்போது அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனார். ஒரு குளிர்காலம் முழுவதும் இப்படியே நடந்தது.

துரொண்ட்ஹெய்மில் வேலை செய்யும் மகளுக்கு ஒரு நாள் தொலைபேசியில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரித்தாள்.

"அம்மா, அப்பா வீட்டில சும்மா இருந்தால் உங்களுக்குத்தான் விசர் பிடிக்கும் எண்டு எனக்குத் தெரியும். மூண்டு வருசத்துக்கு முந்தியே ஒரு தோட்டத்துண்டுக்கு அப்பாவின்ரை பேரை எழுதிப்போட்டனான். வென்தெலிஸ்தில இருக்கு. இந்த வருசம் வரும்."

காத்திருப்போர் வரிசையில் மூன்று வருடம் முந்தியே தகப்பனின் பெயரைப் பதிந்து வைக்கும் புத்தி அவளுக்கு என் பக்கத்தால் வந்தது. சொன்னபடி சித்திரையில் கடிதம் வந்தது. பஸ்ஸில் பத்து நிமிடத் தூரம். சரிவான ஒரு நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, தோட்டம் செய்ய விரும்புகிறவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். முதல் வருடம் சோதனைக் காலம்தான். ஒழுங்காகச் செய்தால் வைத்திருக்கலாம், பிழை விட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். எனக்கு விஷயம் தெளிவாக விளங்கியது. அந்தத் தோட்டம் இருந்தால் காலை ஒன்பது மணியிலிருந்து பின்னேரம் நாலு மணி வரை என் சமையலறை என்னுடையது. தோட்டம் போனால் அதுவும் போய்விடும்.

தோட்டம் கிடைத்த செய்தியை அவர் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் சொன்னார். ஸ்ட்ரோம்மனில் இருக்கும் அவருடைய கூட்டாளிக்கு மட்டும் மூன்று தரம் சொன்னார். "ஊரில எங்கடை தோட்டத்தில ஆயிரம் மிளகாய்க் கண்டு நிண்டது" என்று அவர் தொலைபேசியில் சொல்ல, நான் அடுத்த அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. ஒஸ்லோவில் பிளேனில் வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஊரில் பத்துப் பரப்புத் தோட்டமும் வற்றாத கிணறும் இருந்தன. இவர்கள் சொல்லும் காணியையெல்லாம் கூட்டிப் பார்த்தால் யாழ்ப்பாணம் இந்தியாக் கரை வரைக்கும் நீண்டிருக்க வேண்டும்.

என் கணவர் ஊரில் சங்கக்கடையில் சீனியும் மாவும் நிறுத்துக் கொடுத்தவர். மண்வெட்டியை அவர் பார்த்ததெல்லாம் விலைக்கு விற்கும்போதுதான். பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் வெங்காயத் தோட்டத்து வாய்க்காலைக் கடக்க வெள்ளை வேட்டியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரிக் கால் வைத்து வந்தவர். அப்போது நான் சேற்றுக்குள் நின்று தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். பத்து வயதிலிருந்து அதுதான் என் வேலை. என் தகப்பனார், ஐயா, மேலே நின்று தண்ணீரை விடுவார். நான் கீழே நின்று ஒரு பாத்தி நிறைய அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்த பாத்திக்கு வெட்டிவிட வேண்டும். ஒரு கணம் பிந்தினால் வரம்பு உடையும், ஐயாவின் வாயும் உடையும். கால் விரல்களுக்கிடையில் சேற்றுப்புண் மாறியதேயில்லை. அதை நினைத்து உருகுகிறவர்கள் உருகட்டும். நான் கலியாணத்துக்குச் சம்மதித்ததே அந்தச் சேற்றிலிருந்து கரையேறத்தான்.

ஆகவே தோட்டத்துக்கு நான் உதவிக்குப் போகவில்லை. வைகாசி முடிய, "வந்து பாரும்" என்று அவர் பலமுறை கேட்டதால் ஒரு நாள் தேத்தண்ணியும் மடக்குக் கதிரையும் எடுத்துக்கொண்டு போனேன். மனிதர் பாத்தி கட்டியிருந்தார். பாத்திகளுக்கு நடுவே வாய்க்காலும் வெட்டியிருந்தார். மற்ற எல்லாரும் பூவாளியால் தண்ணீர் ஊற்றும் இடத்தில், ஊரில் இறைப்பது போல வாய்க்காலில் தண்ணீரை ஓடவிட்டுப் பாயவைக்கும் யோசனை.

பார்த்த உடனேயே பிழை தெரிந்தது. வாய்க்காலைச் சரிவின் வழியே நேராகக் கீழே வெட்டியிருந்தார். கடைசிப் பாத்திக்குப் பிறகு அதை அடைக்கவில்லை. தண்ணீர் விட்டால் அது பாத்திகளுக்குள் ஏறாது, நேரே கீழ்த்துண்டுக்காரரின் உருளைக்கிழங்குக்குள் போய் விழும். அதுபோக அந்த மண் எங்கள் செம்மண் இல்லை, களிமண். விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே நிற்கும். இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

கீழ்த்துண்டுக்காரர் ஒரு நோர்வேக்காரர், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். பேச்சு மிகவும் குறைவு. வரிசைக்கு வரிசை கயிறு பிடித்துக் கிழங்கு நட்டிருந்தார். ஆடி பிறந்ததும் இந்த நாட்டு வழக்கப்படி அவரும் மலைப்பக்கம் இருந்த தன் மரக்குடிலுக்கு மூன்று கிழமை போய்விட்டார். ஆடியில் இந்த நகரத்தில் மனிதர் இருப்பதில்லை. மிஞ்சியவர்கள் வெயிலைக் கண்டதும் உடுப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கிடந்து, அவித்த நண்டு நிறத்துக்கு வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். எங்கள் ஆட்கள் அதே வெயிலில் கோட்டும் பட்டுச் சேலையும் உடுத்து, மண்டபங்களில் ஜன்னலைப் பூட்டிக்கொண்டு, பெரியபிள்ளையான மகள்மாருக்குச் சாமத்திய வீடு கொண்டாடுவார்கள். இரண்டில் எது பெரிய மடத்தனம் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்த வருடம் ஆடியில் மழையே இல்லை. டிராம்காரர் போன இரண்டாம் நாள், முதல் இறைப்பைப் பார்க்க என் கணவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மேலே இருந்த பொதுக் குழாயில் நீளமான ரப்பர்க் குழாயை மாட்டி வாய்க்கால் தலைப்பில் விட்டார். பூவாளியைத் தவிர வேறெதையும் பாவிக்க வேண்டாம் என்று குழாயடியில் பலகையில் எழுதியிருந்தது. தோட்டக்காரனுக்கு ஏன் பலகை? தண்ணீர் ஓடத் தொடங்கியதும் ஸ்ட்ரோம்மன் கூட்டாளிக்குத் தொலைபேசி எடுத்தார். "இந்தா, தண்ணி ஓடுது. சத்தம் கேக்குதே?" என்று கைத்தொலைபேசியை வாய்க்காலுக்குக் கிட்டப் பிடித்தார்.

தண்ணீர் ஓடியது. முதல் பாத்தியில் கொஞ்சம் ஏறியது. மிச்சமெல்லாம் நேரே கீழே போய், வேலிக் கம்பிக்குக் கீழால் புகுந்து, கயிறு பிடித்து நட்ட அந்த வரிசைகளுக்குள் மெதுவாகப் பரவியது. நான் கதிரையில் இருந்து பார்த்தேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். பிறகு இன்னொரு கோப்பை ஊற்றிக் குடித்தேன். அந்த இரண்டாவது கோப்பைக்கு எனக்கு இன்றைக்கும் சாட்டு இல்லை. ஆயிரம் மிளகாய்க் கன்றுக்காரர் எவ்வளவு தூரம் போகிறார் பார்ப்போம் என்று இருந்தேன். அதில் ஒரு இன்பம் இருந்தது.

அதன்பின் மூன்று கிழமை, ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் இறைத்தார். பின்னேரம் வெயிலில் கறுத்து, பசியோடு வந்து, கேள்வி கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். பேணிகளை நான் பழைய இடத்தில் வைத்துவிட்டேன், அவர் கவனிக்கவில்லை. இப்படியொரு நிம்மதியை யார் கெடுப்பார்கள்? ஒவ்வொரு இரவும் சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

டிராம்காரர் திரும்பி வந்தார். அடுத்த கிழமை தோட்டச் சங்க நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. உருளைக்கிழங்கு முழுவதும் நிலத்துக்குள் அழுகிவிட்டது, விதி மீறப்பட்டிருக்கிறது, துண்டைத் திருப்பி எடுப்பது பற்றி வியாழக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்யப்படும் என்று இருந்தது. என் கணவர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சமையலறைக்கு வந்து கதிரையில் இருந்தார்.

அவர் மல்லித்தூள் எங்கே என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அரிசிக்கு வேண்டுமென்றே கூடுதலாகத் தண்ணீர் விட்டேன். பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் அப்படியே இருந்தார். ஸ்ட்ரோம்மனிலிருந்து வந்த அழைப்புகளையும் எடுக்கவில்லை. என் சமையலறை போகப்போகிறது என்றுதான் நான் பயந்திருந்தேன். அதற்குள் இப்படி ஒரு மனிதர் ஊமையாக உட்கார்ந்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புதன்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை.

"வாய்க்காலின்ரை கடைசி முனையை அடைச்சிருக்க வேணும். அது தெரியாமல் என்னத்துக்கு வெட்டினியள்?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருக்கவில்லை. "நான் சங்கக்கடையில நிண்டவன். எனக்கு அது தெரியாது எண்டு உமக்குத் தெரியுந்தானே" என்றார். பிறகு, "நீர் அண்டைக்குக் கதிரையில இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனீர். பிழையெண்டால் நீர் சும்மா விடமாட்டீர். ஒண்டும் சொல்லேல்லை. அப்ப சரியெண்டு நினைச்சன்" என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. முப்பத்தாறு வருடம் இந்த மனிதரைக் குறை சொல்லிக்கொண்டேயிருந்தேன். அது காதில் விழாத மாதிரித்தான் எப்போதும் இருந்தார். நான் சொன்ன குறைகளையே நம்பி வாழ்ந்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது.

கூட்டம் மண்வெட்டிகளும் பூவாளிகளும் வைக்கும் கொட்டிலில் நடந்தது. விசாரணை நடத்தினாலும் இந்த ஊரில் வாஃபிளும் கோப்பியும் வைப்பார்கள். ஒரு துண்டை எங்கள் தட்டிலும் வைத்தார்கள். தலைவியாக இருந்த இளம்பெண் கடிதத்தை வாசித்துவிட்டு, ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று என் கணவரைக் கேட்டாள். அவர் வாயைத் திறக்குமுன் நான் எழும்பினேன்.

"தண்ணீர் விட்டது இவர். அது கீழே போவதை முதல் நாளே கண்டது நான். எனக்கு இந்த வேலை சின்ன வயதிலிருந்து தெரியும். தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தேன்" என்று நோர்வே மொழியில் சொன்னேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் கற்ற மொழி, அழகு கிடையாது.

தலைவி கடிதத்தை மறுபடி புரட்டினாள். இப்படிப்பட்ட குற்றத்துக்கு அவர்களின் விதிப் புத்தகத்தில் பக்கம் இல்லை போலிருக்கிறது. கடைசியில் டிராம்காரர்தான் வாய் திறந்தார்.

"ஏன் பேசாமல் இருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"வீட்டில் எனக்கு நிம்மதி வேண்டியிருந்தது" என்றேன்.

அவர் தன் கோப்பையைப் பார்த்தார். "என் மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். தினமும் சொல்வாள்" என்றார். பிறகு தலைவியிடம், வாய்க்காலை மூடட்டும், என் துண்டை இலையுதிர் காலத்தில் இருவரும் கிண்டித் தரட்டும், அது போதும் என்றார்.

இருவரும் என்று ஏன் சொன்னார் என்று எனக்கு அப்போதே எரிச்சல் வந்தது. சேற்றைவிட்டு ஓடிவந்த நான், அறுபது வயதில், போன முழங்கால்களோடு, ஒரு டிராம்காரரின் களிமண்ணைக் கிண்ட வேண்டும். ஆனாலும் துண்டு எங்களிடமே இருந்தது.

மறுநாள் வாய்க்காலை மூடப் போனோம். நான் மடக்குக் கதிரையைக் கொண்டுபோகவில்லை. அவர் மண்ணைத் தள்ளித் தள்ளி மூடினார். மூடிய இடத்தில் கீரை விதைப்பதற்காக விரலால் ஒரு கோடு கீறி, விதையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சரியோ?"

"பிழை" என்றேன். "இவ்வளவு ஆழம் போட்டால் முளைக்காது. ஆரப்பா உங்களைத் தோட்டக்காரன் எண்டது?"

அவருடைய முகத்தில் கடிதம் வந்த நாளிலிருந்து இருந்த இறுக்கம் விட்டுப்போனது. கோட்டை அழித்துவிட்டு, குனிந்து, மேலாக இன்னொரு கோடு கீறினார்.