ஒளி சுடும் ஓரம்

பெயர்ப்பலகைப் பட்டறையில் லேசர் வெட்டு இயந்திரத்தை இயக்கியவளை எல்லாரும் ‘கோட்டக்கா’ என்றே அழைத்தார்கள். போட்ட கோட்டை விட்டு அவள் வெட்டு மயிரிழையும் பிசகியதில்லை. மாதந்தோறும் அடிவயிற்றைக் கவ்வும் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, இயந்திரத்தின்மேல் சாய்ந்து நின்றே வேலை பார்த்தாள். மணமாகி நெடுங்காலம்; மடி நிறையவில்லை. எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். கருப்பைக்குள் இருக்கவேண்டிய படலம் வெளியே படர்ந்து, உதிரம் கசிந்து, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் நோய். முந்தைய அறுவைச் சிகிச்சையில் இடது சினைப்பை போயிற்று.

லேசர் சிகிச்சை உண்டு என்று கேட்டதும் அவளுக்குப் போன உயிர் திரும்பிற்று.

“அது எனக்குப் பழகினதுதாங்க. கோட்டைத்தான் வெட்டும், பக்கத்துல தொடாது.”

லிஃப்ட் பழுதுபார்ப்பவனான கணவன், “அப்ப நீயே வெட்டிக்கோயேன், டாக்டர் எதுக்கு?” என்றான். வெகுநாளுக்குப் பின் இருவரும் சிரித்தார்கள்.

பெண் மருத்துவர் ஸ்கேன் படத்தை அவள் பக்கம் திருப்பினார்.

“வெளிய படர்ந்ததை லேசர்ல சுட்டு எடுத்துடலாம்மா. வலி குறையும், கரு தங்கவும் வாய்ப்பு கூடலாம். ஆனா மிச்சமிருக்கற வலது சினைப்பையில ஒரு கட்டி இருக்கு, அது வேற விஷயம். அதைச் சுட்டா பக்கத்துல இருக்கற முட்டையும் கொஞ்சம் போகும். உங்களுக்கு இருக்கறதே கொஞ்சம்.”

“லேசர் கோட்டைத் தாண்டாதே, டாக்டர்?”

“லேசர் தாண்டாதும்மா. சூடு தாண்டும்.”

வெட்டிய பலகை ஒவ்வொன்றின் ஓரத்திலும் படிந்த கரியை அன்றாடம் ஈரத்துணியால் துடைத்தவள் அவள். துடைத்தாளேயன்றி, அது ஏன் கருகிற்று என்று ஒருநாளும் எண்ணினாளில்லை.

“கட்டியையும் எடுத்துடுங்க, டாக்டர்” என்றான் கணவன். “இவ துடிக்கறதைப் பார்க்க முடியல. குழந்தை இல்லாட்டி போகுது.”

“போகுதா? யாருக்குப் போகுது?” என்று சீறினாள். “வலி என்னோடது. உங்களைத் தாங்கச் சொன்னேனா?”

அவன் தலைகுனிந்தான்.

“கட்டியை விட்டா வலி முழுசாப் போகாது” என்றார் மருத்துவர். “முட்டையை எடுத்து வெளிய கருவாக்கிப் பார்க்கலாம். அதுவும் நிச்சயம்னு நான் சொல்ல மாட்டேன்.”

அவள் மேசை விளிம்பை இறுகப் பற்றினாள். “மத்த இடமெல்லாம் சுட்டு எடுங்க. அதை மட்டும் தொடாதீங்க.”

வெளியே நடைக்கூடத்து நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக் குனிந்திருந்தவளின் முதுகில் கணவன் கைவைத்தான்.

“என்மேல கோவமா?”

“இல்லீங்க. இத்தனையும் தாங்கிட்டு, அப்பவும் குழந்தை வரலேன்னா நான் என்ன பண்ணுவேன்?”

அவன் அவள் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.