ஒரே டேக்கில் ஓகே ஆன அழுகை

கிளிசரின் போட்டால் கண்ணில் தண்ணீர் வரும், முகத்தில் அழுகை வராது. அன்றைக்கு எங்கள் ஊரை ஒட்டிய அடி அண்ணாமலையில் நடந்த ஷூட்டிங்கில் அதுதான் தகராறு.

எண்பதுகளின் நடுவில் ஒரு டிவி நாடகம். எழுபதுகளில் 'பேபி' பட்டத்தோடு பத்துப் பன்னிரண்டு படம் நடித்தவள் நான். ஆள் திடுதிப்பென்று வளர்ந்ததும் கூப்பிட நாதியில்லை. ஊருக்கே திரும்பி, தேரடித் தெரு ஜவுளிக்கடையில் புடவை பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "நீ அந்தப் பாப்பாதானே? என்னாம்மா இப்படி ஆயிட்ட?" என்பார்கள் வருகிறவர்கள். பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கடையில்தான் நாடகத்தின் புரொடக்‌ஷன் மானேஜர் என்னை அடையாளம் கண்டுபிடித்தார். கொடுத்தது ஒரே ஒரு சீன். வீட்டை விட்டுப் போகும் தாய் நான். மகள் அழுதுகொண்டே பின்னால் ஓடி வரவேண்டும். மகளாக நடிக்க மெட்ராஸிலிருந்து வந்தவள் செல்வி, ஆறு வயது.

நாலு டேக் போனது. செல்வி அழவில்லை, சிரித்தாள். இப்போது யோசித்தால், அந்தச் சிரிப்போடேயே எடுத்திருக்கலாம். தாய் போவது புரியாமல் சிரிக்கிற குழந்தை, எப்பேர்ப்பட்ட சீன்! அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மலை மேல் வெயில் மங்கிக்கொண்டு வந்தது. "லைட் போயிட்டா சீனே வேணாம், தூக்கிடலாம்," என்றார் டைரக்டர். சீன் போனால் நானும் போனேன். மறுபடி ஜவுளிக்கடை.

"ஒரு நிமிஷம் குடுங்க சார், நான் அழ வைக்கிறேன்," என்றேன்.

எங்கள் காலத்தில் குழந்தையை அழ வைக்க இரண்டு வழி. ஒன்று கிள்ளுவார்கள், இல்லாவிட்டால் பொய் சொல்வார்கள். என்னிடம் ஒரு முறை அப்பா செத்துப்போனதாகச் சொன்னார்கள். ஷாட் முடிந்ததும் அவரே காபி டம்ளரோடு வந்து நின்றார்.

செல்வியின் அம்மா டவுன் பஸ் பிடித்துப் பெரிய கோயிலுக்குப் போயிருந்தாள். குழந்தையை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன்: "கண்ணு, உங்கம்மா போன பஸ் கவுந்துடுச்சாம். அம்மா இனிமே வரமாட்டாங்களாம்."

முகம் மாறியது. கேமராமேனுக்குக் கை காட்டினேன். அப்படி ஓர் அழுகை! ஓடிவந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "கட்! ஓகே!" யூனிட்டே கை தட்டியது.

"நீ ஆர்ட்டிஸ்டும்மா! அடுத்து நான் பண்ற சினிமாப் படத்துல உனக்கு நல்ல கேரக்டர் தர்றேன்," என்றார் டைரக்டர்.

அந்தச் சுகத்தில் குழந்தையை மறந்தே போனேன். மேக்கப் கலைக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன். டிரஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அழுகை நின்றுபோயிருந்தது. அதே நேரம் அவள் அம்மா விபூதிப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தாள்.

செல்வி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "ஆண்ட்டி, இது நிஜ அம்மாவா?"

"என்னாடி கேள்வி இது?" என்று அவள் அம்மா சிரித்தாள். நானும் கூடச் சிரித்து மழுப்பினேன். உண்மை தெரிந்தால் அவள் சண்டைக்கு வருவாள், அடுத்த படம் போய்விடும் என்று பயம்.

படம் கிடைத்தது. அதை வைத்து எட்டு வருஷம் பிழைப்பும் ஓடியது. குழந்தைகளை அழ வைக்கவும் என்னையே கூப்பிட்டார்கள், முடியாது என்றுவிட்டேன். அதனால் செய்தது இல்லை என்று ஆகிவிடாது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, பிள்ளையை ஏமாற்றித்தான் ஒரு ஷாட் கிடைக்கும் என்றால் அந்த ஷாட்டே வேண்டாம். "உங்கம்மாதான் கண்ணு, நான்தான் பொய் சொன்னேன்." இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமலே யூனிட் வேனில் ஏறிவிட்டேன்.