ஒன்றரை நிமிட நன்றி

செய்தி வந்தபோது மாலை நான்கு பத்து. பல் மருத்துவரின் வரவேற்பறையில், மறுநாள் வரவேண்டியவர்களின் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள் தங்கை. போனில் அண்ணி.

"உங்கண்ணன் போயிட்டாரும்மா. வேலைக்குப் போன வீட்டுலயே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாராம்."

அண்ணன் வாஷிங் மெஷின் மெக்கானிக். ஒரே கேள்வியை நாளைக்கு நாலு பேர் போனில் கேட்கவே, பதிலை வீடியோவாக எடுத்து இணையத்தில் போடத் தொடங்கினார். எடிட்டிங் தங்கையின் வேலை. அதனால் அவளை 'எடிட்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

ஒவ்வொரு வீடியோவும் நாற்பது விநாடி. "தண்ணி வெளிய போகலையா? பிளக்கப் பிடுங்குங்க. கீழ ஓரத்துல சின்ன மூடி இருக்கும். தட்டு வெச்சுட்டுத் திருகுங்க." பார்ப்பவர்கள் பாதியிலேயே எழுந்து மெஷினிடம் ஓடிவிடுவார்கள். அந்தத் தளமோ, எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் வரிசைப்படுத்தியது. சீக்கிரம் போனால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஜவ்வாக இழுத்தவர்கள் மேலே, அண்ணன் அடியில்.

"முன்னாடி கொஞ்சம் பேசுண்ணா. ஆளுங்க நிக்கணும்."

"தண்ணிக்குள்ள நிக்கிறவங்கள இன்னும் நிக்க வைக்கச் சொல்றியா?"

"அடியில கிடந்தா யாரு கண்ணுல படுவ?"

நச்சரிப்புத் தாங்காமல் மூன்று வீடியோக்களுக்கு முன்னால் பேசினார். என்ன பேசுவதென்று தெரியாமல் நன்றி சொல்லிவைத்தார். முதலாவதில், ஸ்க்ரூ டிரைவர் செட் வாங்கித்தந்த மனைவிக்கு. அடுத்ததில், எந்தப் பாகம் கேட்டாலும் தேடித்தரும் கடைக்காரருக்கு. மூன்றாவதில் தங்கைக்கு. மூன்றும் கிடுகிடுவென மேலே ஏறின.

ஒரு பெண் கீழே எழுதினார்: "உங்க நன்றி முடியறதுக்குள்ள தண்ணி ஹாலுக்கு வந்துடுச்சு சார்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "எடிட்டரம்மா, மூணு நன்றியையும் வெட்டிடு" என்றார்.

"ஏறினது இறங்கிடும்ணா."

"இறங்கட்டும். அவங்க வேலை முடியணும், அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை வெட்டுவதாகச் சொன்னாள். அதற்கு முந்தைய புதன்கிழமைதான் அந்தப் போன் வந்தது.

இறந்த செய்தியைத் தளத்தில் போட்டாள். முன்பின் தெரியாதவர்கள் எழுதத் தொடங்கினார்கள். "ரெண்டு வருஷம் முன்னாடி உங்க வீடியோவப் பாதியில விட்டுட்டு ஓடினேன். மெஷின் இன்னிக்கும் ஓடுது. அப்ப நன்றி சொல்லவே தோணல." இப்படி நூற்றுக்கும் மேல். எல்லாவற்றையும் அண்ணிக்குப் படித்துக் காட்டினாள்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "பாதியில ஓடினவங்க இத்தன பேரா?"

"ஓடினவங்க எல்லாரும் வேலைய முடிச்சவங்க அண்ணி. இப்ப எழுதலன்னா இது நமக்குத் தெரிஞ்சே இருக்காது."

அன்றே முதலிரண்டையும் வெட்டினாள். இரண்டும் வரிசையில் இறங்கத் தொடங்கிவிட்டன. மூன்றாவதற்குப் பிரதிகூட எடுத்து வைத்தாகிவிட்டது. "இதெல்லாம் வெட்டி ஒட்டுறது என் தங்கச்சி. நேர்ல சொன்னா கிண்டல் பண்ணுவா" என்று தொடங்கும் அந்த ஒன்றரை நிமிடம் இன்னும் வெட்டப்படவில்லை.